இதயம் உண்ணும் நேரம்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய நண்பர், "பிறந்த நாள் முதல் ஒரு நொடிகூட ஓயாமல் உழைக்கும் இதயத்தைப் பற்றி ஐயா பேசுவார்" என்றார். மேடையிலும் வகுப்பறையிலும் நாம் எல்லோரும் சொல்லிப் பழகிய வாசகம் அது. அன்போடு சொல்வதுதான். இருந்தாலும் அந்த வாசகத்தில் இரண்டு திருத்தங்கள் செய்ய எனக்கு அனுமதி கொடுங்கள். முதலாவது, இதயம் பிறந்த நாளில் துடிக்கத் தொடங்குவதில்லை. தாயின் வயிற்றில் கரு உருவாகி நான்காம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டாவது திருத்தம்தான் இன்றைய என் பேச்சு முழுவதும். இதயம் ஓய்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை ஓய்கிறது. அந்த ஓய்வைப் புரிந்துகொண்டால், அது ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் விளங்கும், அதற்கு வரும் நோய்கள் பலவும் விளங்கும்.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் நேரம் சுமார் 0.3 விநாடி. மீதி 0.5 விநாடி அவை தளர்ந்திருக்கின்றன. ஒரு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள். 9 மணி நேரம் உழைப்பு, 15 மணி நேரம் தளர்வு. இந்த விகிதத்தில் போனால், 64 வயதான ஒருவரின் இதயக் கீழறைகள் 24 ஆண்டுகள் உழைத்து, 40 ஆண்டுகள் தளர்ந்திருந்தவை. ஓயாத உழைப்பாளி என்று நாம் போற்றும் உறுப்பு, உழைத்ததைவிட அதிக நேரம் ஓய்ந்திருக்கிறது.

இப்போது அதன் அமைப்புக்கு வருவோம். எல்லோரும் ஒரு கையை இறுக மூடிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இதயம். வளர்ந்தவர்களுக்கு 250 முதல் 350 கிராம் எடை. இடப்பக்கம் இருப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் நெஞ்செலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் இருக்கிறது. முனை மட்டும் இடப்பக்கமாகக் கீழே சாய்ந்து, ஐந்தாம் ஆறாம் விலா எலும்புகளுக்கு இடையில் நெஞ்சைத் தட்டுகிறது. நாம் கை வைத்துப் பார்ப்பது அந்த இடத்தில். இதயத்தைச் சுற்றி பெரிகார்டியம் என்ற இரட்டை உறை. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே கொஞ்சம் நீர் இருப்பதால், நாளுக்கு ஒரு லட்சம் முறை அசைந்தும் உராய்வு இல்லை.

உள்ளே பார்த்தால் அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். நடுச்சுவர் பொதுச்சுவர், அதில் வாசல் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் மேலறை ஒன்று, கீழறை ஒன்று. ஏட்ரியம், வெண்ட்ரிக்கிள் என்று மாணவர்கள் படித்திருப்பீர்கள். உடல் முழுவதும் சுற்றி, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் இரத்தம் வலப்பக்கத்து வீட்டுக்கு வருகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடப்பக்கத்து வீட்டுக்குத் திரும்புகிறது. அங்கிருந்து மகாதமனி வழியாக உடலெங்கும் போகிறது. இரண்டு கீழறைகளும் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது ஒரே அளவு, சுமார் 70 மில்லிலிட்டர். ஆனால் வலது கீழறைக்குப் போகவேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரல். இடது கீழறைக்கோ உச்சந்தலை முதல் கால் பெருவிரல் வரை. வலப்பக்கம் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும், இடப்பக்கம் 120 வேண்டும். அதனால்தான் இடது கீழறையின் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன், வலது கீழறையின் சுவர் அதில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த வீடுகளுக்கு நான்கு கதவுகள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வலப்பக்கம் மூவிதழ் வால்வு, இடப்பக்கம் ஈரிதழ் வால்வு. மிட்ரல் வால்வு என்று மருத்துவர்கள் சொல்வது இந்த ஈரிதழ் வால்வைத்தான். கீழறைகளிலிருந்து இரத்தம் வெளியேறும் வாசல்களில் இரண்டு அரைச்சந்திர வால்வுகள். இந்தக் கதவுகளைத் திறக்கத் தனித் தசை கிடையாது. ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் திறக்கும், மறுபக்கம் கூடினால் மூடும். மேல்வாசல் கதவுகளில் மெல்லிய நாண்கள் கட்டியிருக்கின்றன. கீழறை ஓங்கிச் சுருங்கும்போது கதவு மறுபக்கம் புரண்டுவிடாமல் அவை இழுத்துப் பிடிக்கின்றன.

என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கிணற்றில் கவலை இறைப்பார்கள். தென்மாவட்டத்து நண்பர்கள் கமலை என்பீர்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, சால் மேலே வரும், தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும். சால் கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீரில் அமிழ்ந்து நிறையும். அது நிறையும்வரை மாடு ஓட்டுகிறவர் நிதானிப்பார். அவசரப்பட்டால் அரைச் சால்தான் மேலே வரும். மாடும் களைக்கும், பயிரும் காயும்.

இதயத்தின் கதையும் அதுதான். தளர்ந்திருக்கும் அரை விநாடியில் கீழறை நிறைகிறது. நிறைவதில் பெரும்பகுதி, கதவு திறந்ததும் இரத்தம் தானாக இறங்குவதால் நடக்கிறது. கடைசியில் மேலறை ஒருமுறை சுருங்கி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்கிறது. எவ்வளவு நிறைகிறதோ அதற்கேற்ப ஓங்கித் தள்ளுவது இதயத் தசையின் இயல்பு. ஜெர்மனியின் ஓட்டோ பிராங்கும் இங்கிலாந்தின் எர்னெஸ்ட் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த விதி இது. யாரும் ஆணையிடவேண்டியதில்லை. அதிகம் வந்தால் அதிகம் அனுப்பும்.

இங்கே வில்லியம் ஹார்வியை நினைக்காமல் நகர முடியாது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர், இரத்தம் ஈரலில் ஊறி, உடலெங்கும் போய்ச் செலவாகிவிடுகிறது என்றும், இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்றும் எழுதிவைத்தார். ஐரோப்பா ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அதை நம்பியது. அந்தச் சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் போகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல் நஃபீஸ் என்ற அரபு மருத்துவர் எழுதினார். அது ஐரோப்பாவைப் பரவலாக எட்டவில்லை. ஹார்வி உயிருள்ள விலங்குகளின் இதயத்தைப் பார்த்தபோது, அது துடிக்கும் வேகத்தில் எது சுருக்கம், எது விரிவு என்றே பிரித்தறிய முடியாமல் மலைத்தார். பிறகு தவளை, மீன் முதலிய குளிர் இரத்தப் பிராணிகளிடம் போனார். உயிர் அடங்கும் தறுவாயில் தளர்ந்து துடிக்கும் இதயங்களையும் கவனித்தார். துடிப்பு மெதுவானபோதுதான் அவருக்கு உண்மை புலப்பட்டது. சுருங்கும்போது இதயம் தள்ளுகிறது, தளரும்போது நிறைகிறது.

பிறகு அவர் கணக்குப் போட்டார். இன்றைய அளவுகளில் நாமும் போடலாம். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல். நாளுக்கு 7,500 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி நிறைய. நம் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர். எந்தச் சோற்றைத் தின்று நாளுக்கு ஒரு லாரி இரத்தம் ஊற வைப்பது? ஆகவே போன இரத்தமேதான் திரும்பி வருகிறது. 1628இல் அந்தச் சிறு நூல் பிராங்பர்ட் நகரில் அச்சானது. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் கடக்கும் நுண்குழாய்களை மட்டும் ஹார்வி கண்ணால் பார்க்கவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், மால்பீகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலை வைத்துப் பார்த்து அந்த இடைவெளியை நிரப்பினார்.

இனி இதயத்தைக் காதால் கேட்போம். 1816இல் பாரிஸ் மருத்துவர் லென்னெக், ஒரு பெண்ணின் நெஞ்சில் காது வைக்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அதில் நாம் கேட்பது என்ன? 'லப்' என்பது மேல்வாசல் கதவுகள் மூடும் ஒலி. 'டப்' என்பது வெளிவாசல் கதவுகள் மூடும் ஒலி. லப்புக்கும் டப்புக்கும் நடுவே குறுகிய இடைவெளி, அது உழைப்பு. டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவே நீண்ட அமைதி, அது ஓய்வு. என் பேச்சு முழுவதும் அந்த அமைதியைப் பற்றியது.

இந்த அமைதியைக் காக்க உடல் என்னென்ன காவல் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இதயத்துக்குத் துடிக்கச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு வரவேண்டியதில்லை. வலது மேலறையின் சுவரில் ஒரு சிறு தசை முடிச்சு தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. 1907இல் கீத், பிளாக் என்ற இருவர் அதைக் கண்டார்கள். அந்த மின் அலை மேலறைகளில் பரவி, நடுவில் இருக்கும் இரண்டாவது முடிச்சுக்கு வருகிறது. ஜப்பானியரான சுனாவோ தவாரா ஜெர்மனியில் ஆராய்ந்து 1906இல் விளக்கிய முடிச்சு அது. அங்கே மின் அலை சுமார் 0.1 விநாடி தாமதிக்கிறது. மேலறை தன் கடைசிப் பங்கைக் கீழறையில் ஊற்றி முடிக்கட்டும் என்பதற்கான தாமதம் அது. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடிக்காமல் இலையை எடுக்காத பண்பு.

இரண்டாவது காவல் தசையிலேயே இருக்கிறது. ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நிற்கச் சொன்னால் நம் கைத்தசை இறுகியபடியே நிற்கும். இதயத் தசையால் அப்படி இறுகி நிற்க முடியாது. ஒருமுறை தூண்டப்பட்டால், தளரத் தொடங்கும்வரை அடுத்த தூண்டலை அது ஏற்பதில்லை. இறுகி நின்றால் நிறைய முடியாது, நிறையாவிட்டால் மரணம். அந்த வாய்ப்பையே இயற்கை அடைத்துவிட்டது.

மூன்றாவது காவல் வேகஸ் நரம்பு. நரம்புகளின் பிடி இல்லாமல் விட்டால் அந்த முதல் முடிச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். இதயம் மாற்றி வைக்கப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம்; நரம்பு அறுபட்டிருப்பதால் அவர்கள் ஓய்விலிருக்கும்போதும் துடிப்பு அதிகமாகவே இருக்கும். நம்மிடம் அது 70, 75 என்று இருப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு எந்நேரமும் மெல்லப் பிடித்திருக்கும் கடிவாளம். 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி மெதுவாக்கினார். அந்த இதயத்தில் ஊறிய திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளின் மூலம் பேசுகிறது என்பதற்குச் சான்று கிடைத்தது. 1936இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. "நிதானமாக இரு" என்று இதயத்துக்குச் சொல்ல உடலில் ஒரு நரம்பே இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஓய்வு என்றால் சும்மா கிடப்பது என்று நினைக்காதீர்கள். 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்திருப்பதாக அவர் நம்பியிருந்தார். உண்மையில் அது குழாய்த் தண்ணீரில் கரைத்தது. வடித்த நீரில் கரைத்துப் பார்த்தபோது இதயம் சீக்கிரமே நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. கால்சியம் தசை இழைகளைத் தொட்டால் சுருக்கம். அந்தக் கால்சியத்தைத் திரும்ப வாரி, தசைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பு அறையில் அடைத்தால் தளர்வு. வாரி அடைப்பதற்குச் சக்தி செலவாகிறது. உயிர் போன உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதைப் பார்த்திருக்கிறோம். சக்தி தீர்ந்ததால் தசைக்குத் தளர முடியவில்லை என்பதுதான் அந்த விறைப்பின் பொருள். தளர்வது உயிரின் வேலை. இதய நாளம் அடைபட்டு ஆக்சிஜன் குறையத் தொடங்கும்போதும், முதலில் தடுமாறுவது தளரும் திறன்தான்; சுருங்கும் திறன் அதற்குப் பிறகு.

இனி, நான் தலைப்பில் வைத்த செய்திக்கு வருகிறேன். நாளுக்கு 7,500 லிட்டர் இரத்தம் இதயத்தின் அறைகள் வழியாகப் போகிறது. அதிலிருந்து இதயத்தின் தடித்த தசைக்கு நேரடியாகக் கிடைப்பது மிக அற்பம். மகாதமனி தொடங்கும் இடத்திலேயே கிளைக்கும் இரண்டு கரோனரி தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர், மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்து சதவீதம். இடது கீழறை சுருங்கும்போது, தன் சுவருக்குள் ஓடும் அந்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. தளரும்போதுதான் இரத்தம் தாராளமாக உள்ளே பாய்கிறது. ஆகவே ஊருக்கெல்லாம் பந்தி போட்டுவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து உண்ணும் நம் வீட்டுத் தாய்மாரைப் போல, இதயம் தன் வேலைக்கு நடுவே கிடைக்கும் அந்த அரை விநாடியில் உண்கிறது. உறங்கும்போதுகூட அது தன் இரத்தத்திலிருந்து முக்கால் பங்கு ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. மிச்சம் வைக்கும் பழக்கம் இல்லை. கூடுதல் உழைப்பு வந்தால், கூடுதல் இரத்தம் வந்தே ஆகவேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டால் நோய்கள் விளங்கும் என்றேன். துடிப்பு 75இலிருந்து 150க்கு ஏறும்போது, உழைக்கும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. ஓய்வு நேரம் 0.5 விநாடியிலிருந்து ஏறக்குறைய 0.2 விநாடிக்குச் சுருங்குகிறது. ஓடும்போது நலமான இதயம் இதைச் சமாளிக்கும். ஒழுங்காக ஓடிப் பழகியவர்களின் இதயம் விரிந்து, ஒரு துடிப்புக்கு அதிகம் தள்ளும். அவர்களுக்கு ஓய்வில் 50 துடிப்பே போதும். நோயுற்ற இதயத்தின் நிலை வேறு.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்தார். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இரண்டு இரவுகளைக் கழித்திருந்தார். நாடி 140. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். "என்ன கேட்கிறது?" என்றார் என் ஆசிரியர். இரண்டு ஒலிகளையும் வருணித்தேன். "டப்புக்குப் பிறகு, அடுத்த லப்புக்கு முன்னால் என்ன கேட்கிறது?" என்றார். நான் விழித்தேன். அவர் அந்தப் பெண்ணை மெல்ல இடப்பக்கம் சாய்ந்திருக்கச் செய்து, ஸ்டெதஸ்கோப் பிடித்த என் கையை இதய முனையின்மேல் லேசாக வைத்தார். அமைதியாக இருக்கவேண்டிய இடத்தில், தொலைவில் இடி உருள்வது போல ஒரு தணிந்த ஒலி.

ஈரிதழ் வால்வு சுருங்கியிருந்தது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கவேண்டிய கதவு, நோய் முற்றினால் 1 சதுர சென்டிமீட்டர்கூடத் திறக்காது. சிறுவயதில் வந்த ஒரு தொண்டைத் தொற்று, அதைத் தொடர்ந்த மூட்டுவலிக் காய்ச்சல், அதன் வடு அது. கர்ப்பத்தில் துடிப்பு கூடும். கதவு திறந்திருக்கும் நேரம் குறையும். இரத்தம் நுரையீரலில் தேங்கும். சேர்ந்த நீரை வடியவைக்கவும் துடிப்பை மெதுவாக்கவும் மருந்து கொடுத்தார்கள். சில நாட்களில் நாடி 80க்கு இறங்கியது. அவர் தலையணையில் தலை சாய்த்து உறங்கியதை நான் பார்த்தேன். கதவு அகலவில்லை, கதவு திறந்திருக்கும் நேரம் நீண்டது. இதயத்துக்கு ஓய்வு என்றால் என்ன என்று அன்றுதான் கற்றேன்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்லும் பெனிசிலின் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். பழுதான வால்வை மாற்றலாம்தான். திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய வால்வு 1990 முதல் நம் நாட்டில் எத்தனையோ பேரை வாழவைத்திருக்கிறது. என்றாலும் கெடாத வால்வுக்கு ஈடு இல்லை.

இன்னொன்று. எக்கோ பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "இ.எஃப். 60 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, மீதி 40 போய்விட்டதா ஐயா?" என்று கலங்குகிறவர்கள் பலர். போகவில்லை. நிறைந்த கீழறையில் 120 மில்லிலிட்டர் இருந்தால் அது 70ஐத் தள்ளிவிட்டு 50ஐ வைத்துக்கொள்ளும். தள்ளும் அந்தப் பங்குதான் இ.எஃப்.; ஏறக்குறைய 60 என்பது நலமான எண். அதே சமயம், அந்த எண் நன்றாக இருந்தும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களும் உண்டு. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் இடது கீழறையின் சுவரைத் தடிக்க வைக்கிறது. தடித்த தசை வலுவான தசை என்று எண்ணவேண்டாம். அது விறைத்த தசை. தள்ளுவதில் குறையில்லை, தளர்வதில்தான் குறை. சால் இறங்குகிறது, ஆனால் நிறையவில்லை. வலியே தராத இரத்த அழுத்தத்துக்கு ஏன் தினமும் மாத்திரை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த மாத்திரை உங்கள் இதயம் தளர்வதற்காக.

கடைசியாக மாரடைப்பு. கரோனரி தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. அதன்பின் அந்தப் பகுதித் தசைக்கு ஓய்வு கிடைத்தாலும் உணவு கிடைக்காது. அரை மணி நேரம் தாண்டினால் தசை மடியத் தொடங்குகிறது. நெஞ்சின் நடுவே பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை. இவற்றை வாய்வு என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவாகத் தெரியாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாக வரலாம். சந்தேகம் வந்தால் 108ஐ அழையுங்கள். நடந்து போகாதீர்கள், வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். வாய்வாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவச் செல்வங்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் கையில் முதன்முதலாக ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் நண்பனின் நெஞ்சில் வைக்கச் சொல்லி, என் ஆசிரியர் என்னைக் கேட்ட அதே கேள்வியைக் கேட்பேன். "டப்புக்குப் பிறகு என்ன கேட்கிறது?" அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்பார்கள். பிறகு தயங்கித் தயங்கி, ஏதோ தவறு செய்தவர்கள் போல, "ஒன்றும் கேட்கவில்லை ஐயா" என்பார்கள்.

"நல்லது. உங்கள் நண்பர் நலமாக இருக்கிறார்" என்பேன்.